கையும் ஓடலை, காலும் ஓடலை: ஐசியு வாசலில் உறைந்து போனவன் கோழையா?

ஜூன் 12, காலை (வாசகர் கேள்வி)

"போன ஞாயிறு விடியற்காலை அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஐசியுவில் சேர்த்தோம். அண்ணன் வாசலில் செக்யூரிட்டியோடும் டியூட்டி டாக்டரோடும் சண்டை போட்டார். சித்தப்பா 'பணத்துக்கு ஏற்பாடு பண்றேன்' என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானம்தான் திரும்பினார். அக்கா வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாள். நான் மட்டும் இரும்பு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முன்பணம் கட்டச் சொன்னபோது ஏடிஎம் பின் நம்பர் கூட நினைவுக்கு வரவில்லை. அண்ணன் எல்லார் முன்னாலும் 'நீயெல்லாம் ஒரு ஆம்பளையா' என்று கேட்டுவிட்டார். நான் கோழையா? இல்லை, இதற்கு வேறு பேர் ஏதாவது உண்டா?"

ஜூன் 12, இரவு (என் பதில்; பிறகு வருபவை மற்ற வாசகர்களின் கேள்விகளுக்கும்)

கோழை இல்லை தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

உங்கள் வீட்டில் நாலு பேர், நாலு விதம். அண்ணன் சண்டைக்குப் போனார். சித்தப்பா இடத்தைவிட்டுக் கிளம்பினார், பணம் என்று ஒரு நியாயமான காரணமும் கையில் இருந்தது. அக்கா டீ வாங்கினாள். நீங்கள் உறைந்து போனீர்கள். நாலு பேருக்கும் பயம் ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற உடலியலாளர் பூனைகளின் செரிமானத்தை எக்ஸ்ரேயில் பார்த்து ஆராய்ந்தார். பூனை மிரண்டால் போதும், அதன் இரைப்பை அசைவது நின்றுவிடும். அங்கே தொடங்கி 1915-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆபத்து என்றதும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து தசைகளுக்குக் கூடுதலாகப் போகிறது. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. வாய் வறண்டுவிடுகிறது. 'சண்டை போடு, இல்லை ஓடு' என்று எல்லோரும் சொல்கிற விஷயம் இதுதான். வயிற்றில் புளியைக் கரைக்குது, நாக்கு ஒட்டிக்கொண்டது என்று நாம் சொல்வதெல்லாம் உடலில் நிஜமாகவே நடக்கிறது. இந்தியாவில் குற்றம் செய்தவரைக் கண்டுபிடிக்க அரிசியை மெல்லச் சொல்லும் பழைய வழக்கத்தைக் கூட கேனன் அதில் குறிப்பிடுகிறார். பயந்தவன் வாயில் எச்சில் ஊறாது, அரிசி உலர்ந்தபடியே இருக்கும். பயந்துபோன நிரபராதிகள் எத்தனை பேர் அதில் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் கேனனின் இரண்டு வழிகளில் உங்கள் வழி இல்லை. உறைதல் பிறகுதான் அதிகம் ஆராயப்பட்டது. நெதர்லாந்தில் ஆட்களை அசைவை அளக்கும் பலகை ஒன்றின் மேல் நிற்கவைத்து, கோபமான முகங்களின் படங்களைக் காட்டினார்கள். உடலின் ஆட்டம் குறைந்தது, இதயத் துடிப்பும் கொஞ்சம் இறங்கியது. படத்துக்கே இப்படி. நிற்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, அவர் முடிவெடுத்து நிற்கவும் இல்லை. நம் பாட்டிகள் 'கையும் ஓடலை, காலும் ஓடலை' என்று சரியாகவே பேர் வைத்திருக்கிறார்கள். யாரும் 'நான் கையை ஓட்டவில்லை' என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா?

ஜூன் 12, இன்னும் கொஞ்சம்

பின் நம்பரை விட்டுவிட்டேன். கார்டிசால் என்ற இன்னொரு சுரப்பு, அட்ரினல் சுரப்பி முதலில் விடும் அட்ரினலின் போல நொடியில் வராது. மெதுவாக ஏறி, இருபது முப்பது நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். 2000-ல் வெளியான ஒரு ஆய்வில், முந்தின நாள் சொற்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு மறுநாள் அதே வகை மருந்தான கார்டிசோன் மாத்திரையைக் கொடுத்து, சொற்களைக் கேட்டார்கள். தடுமாறினார்கள். படித்தது அழியவில்லை, எடுக்க வரவில்லை. உங்கள் பின் நம்பர் மறுநாள் தானாக வந்திருக்குமே.

ஜூன் 13

இதையெல்லாம் ஏன் படித்தேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்காக. கும்பகோணத்தில் ஆறு வருடம் அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டேன். மறதி நோய். முதலில் அடுப்பை அணைக்க மறந்தார், பிறகு என் பெயரை. ஒரு நாள் காலை கதவு திறந்து கிடந்தது, அம்மாவைக் காணோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவுக்குப் பக்கத்தில் கோலப்பொடி டப்பாவைக் கையில் வைத்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிர் வீட்டு அக்கா பார்த்துவிட்டு, கேட்டு, தெருவில் ஆளை அனுப்பினார். மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார் அம்மா. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை மேய்த்தவள் நான். அந்த இரண்டு கையும் அன்றைக்கு எனக்கு உதவவில்லை.

ஜூன் 14

'இது அப்போதைக்கு வந்து போகிற விஷயம், நாள்பட்டால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு.

ஹான்ஸ் செல்யே, வியன்னாவில் பிறந்தவர், கனடாவின் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். எலிகளுக்கு உறுப்புச் சாறுகளை ஊசியில் ஏற்றிப் பார்த்தபோது, எதை ஏற்றினாலும் மூன்று மாற்றங்கள் வந்தன: அட்ரினல் பெரிதாகிறது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, இரைப்பையில் புண். சாறு காரணமில்லை, எலிக்கு நேர்ந்த துன்பம்தான் காரணம் என்று புரிந்துகொண்டு 1936-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு சிறு கடிதம் எழுதினார். முதலில் அபாய மணி, பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் ஓய்ந்துபோதல் என்று மூன்று கட்டங்கள். என் அப்பாவுக்கும் இப்படித்தான் டென்ஷனால் அல்சர் வந்தது. கடையை மூடுகிற வரை பால்சோறுதான்.

ஜூன் 14, மாலை: திருத்தம்

அல்சர் பற்றி மூன்று பேர் திருத்தியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் பெரும்பாலான வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று காட்டினார்கள். மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். 2005-ல் இருவருக்கும் நோபல். ஆக என் அப்பாவுக்கு 'டென்ஷனைக் குறையுங்க' என்ற அறிவுரையைவிட ஆன்டிபயாடிக் அதிகம் உதவியிருக்கக்கூடும். அவரும் தன் கோபத்தால்தான் நோய் வந்தது என்று கடைசிவரை தன்னையே நொந்துகொண்டார். அது எனக்கு இன்னமும் வலிக்கிறது.

ஜூன் 14, இரவு

சரி, அதற்காக 'மனசுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை' என்று ஒருவர் எழுதியிருப்பதையும் ஏற்க முடியாது. 1995 ஜனவரியில் ஜப்பானில் கோபே பகுதியில் பூகம்பம் வந்தபின், அங்கே ரத்தம் கசியும் வயிற்றுப் புண்கள் கூடியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிருமி பலரிடம் முன்பே இருந்தது. பூகம்பம்தான் புதிது. கிருமியா மனசா என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

ஜூன் 15

ஒரு சொல் பிரச்சினை. நம் பத்திரிகைகள் 'மன அழுத்தம்' என்பதை இரண்டுக்கும் போடுகின்றன. பரீட்சைக்கு முந்தின நாள் இருப்பதும் மன அழுத்தம், மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் படுத்துக்கிடப்பதும் மன அழுத்தம். இரண்டாவது மனச்சோர்வு, அது தனி நோய், அதற்கு வைத்தியம் உண்டு. 'எல்லாருக்கும்தான் மன அழுத்தம் இருக்கு, நீ மட்டும் ஏன் இப்படி' என்று ஒரு நோயாளியிடம் சொல்லிவிடுகிறோம், இந்தக் குழப்பத்தால். நான் கீழே எழுதுவது முதலாவது பற்றி மட்டும். இரண்டாவது உங்களுக்கு இருக்கிறது என்று தோன்றினால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் 14416-க்கு, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், கூப்பிடுங்கள். தமிழில் பேசுவார்கள்.

ஜூன் 17

'கொஞ்சம் டென்ஷன் இருந்தாத்தான் வேலை நடக்கும், அறிவியலே சொல்லுது' என்று எழுதியவருக்கு. நீங்கள் சொல்லும் வளைந்த கோடு, அதாவது பதற்றம் ஓரளவு வரை ஏறினால் வேலை நன்றாக நடக்கும், அதைத் தாண்டினால் கெடும் என்பது, 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் செய்த சோதனையிலிருந்து வந்தது. அது சுண்டெலிச் சோதனை. வெள்ளைப் பெட்டிக்கும் கறுப்புப் பெட்டிக்கும் வித்தியாசம் கற்றுக்கொள்ள எவ்வளவு மின் அதிர்ச்சி கொடுத்தால் வேகமாகக் கற்கும் என்று பார்த்தார்கள். அதை அப்படியே தூக்கி இரவு ஒன்பது மணிக்கு மீட்டிங் வைக்கிற மேலாளர் கையில் கொடுக்கக் கூடாது. என் மாணவர்களில் பரீட்சை பயத்தில் நன்றாக எழுதியவர்களும் உண்டு, அதே பயத்தில் வாந்தி எடுத்துப் பாதியில் வெளியே வந்தவர்களும் உண்டு.

ஜூன் 19

மூன்று நாளாக மனதில் இருப்பதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

அம்மா இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, முதல் இரண்டு நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். சாப்பிடப் போகவில்லை, அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால்? பாத்ரூம் கூட ஓட்டமாகப் போய் ஓட்டமாக வந்தேன். மூன்றாம் நாள் வேறொரு நர்ஸ், சின்னப் பெண், வெளியே வந்து சொன்னாள்: "அம்மா, டாக்டர் நாலு மணிக்குத்தான் வெளியே வந்து பேசுவாரு. அதுக்கு முன்னாடி அவசரம்னா நானே உங்க நம்பருக்கு அடிப்பேன். நான் அடிக்கலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். போய் சாப்பிட்டு வாங்க." அம்மாவின் நிலைமை துளியும் மாறவில்லை. ஆனால் நான் இட்லி சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் தூங்கினேன்.

பிறகு ஜே வெய்ஸ் என்பவரின் எலிச் சோதனைகளைப் படித்தபோது அந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது. இரண்டு எலிகளுக்கு வாலில் ஒரே அளவு, ஒரே நேரத்தில் மின் அதிர்ச்சி. ஒன்றுக்கு அதிர்ச்சிக்கு முன் ஒரு சத்தம் கேட்கும். இன்னொன்றுக்கும் சத்தம் கேட்கும், ஆனால் சம்பந்தமில்லாமல், எப்போதாவது. வலி சமம். இரைப்பைப் புண்ணோ இரண்டாவது எலிக்கு மிக அதிகம். (இங்கே கிருமிப் பேச்சு வேண்டாம், இரண்டு எலிக்கும் மற்றதெல்லாம் ஒன்றுதான்.) முதல் எலிக்குச் சத்தம் வராத நேரமெல்லாம் ஓய்வு. இரண்டாவதற்கு ஓய்வென்று ஒரு நிமிடம் கூட இல்லை. 'நான் அடிக்கலைன்னா ஒண்ணும் இல்லை' என்ற வாக்கியம் எனக்கு அந்த ஓய்வைக் கொடுத்தது.

தம்பி, உங்கள் அண்ணன் வாசலில் போட்ட சண்டையை நினைத்துப் பாருங்கள். அவர் கேட்டதும் அநேகமாக இதைத்தான். எப்போது சொல்வீர்கள்?

ஜூன் 20

அக்கா டீ வாங்கினதைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். 2000-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷெல்லி டெய்லரும் கூட இருந்தவர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1995-க்கு முன் நெருக்கடி பற்றிய ஆய்வகச் சோதனைகளில் கலந்துகொண்டவர்களில் பெண்கள் ஏறத்தாழ 17 சதவீதம்தான் என்று அதில் சுட்டிக்காட்டினார்கள். ஆண்களையே பார்த்துவிட்டு மனிதர் எல்லோரும் சண்டையோ ஓட்டமோ என்று எழுதிவைத்தாயிற்று. பிள்ளைகளை அணைத்துக்கொள்வது, கூட்டம் சேர்வது, பசித்தவருக்கு ஏதாவது கொடுப்பது, இதுவும் ஆபத்துக்கு உடல் காட்டும் பதில்தான் என்பது அவர்கள் வாதம்.

ஜூன் 20, மறுபடி

'அப்போ பொம்பளைங்க டீ போடணும், ஆம்பளைங்க சண்டை போடணும்னு அறிவியல் சொல்லுதா' என்ற கோபம் நியாயம். இல்லை. 2012-ல் வெளியான ஒரு ஆய்வில் ஆண்களை மட்டும் வைத்து, மேடையில் பேசவைத்துப் பதற்றப்படுத்தி, பிறகு பணம் பகிர்கிற விளையாட்டு கொடுத்தார்கள். பதற்றப்பட்டவர்கள்தான் மற்றவரை அதிகம் நம்பினார்கள், அதிகம் பகிர்ந்தார்கள். என் கணவர் ஆஸ்பத்திரியில் சாத்துக்குடி உரித்துக்கொண்டே இருப்பார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கொடுப்பார். யாருக்கும் வேண்டாம் என்றாலும் உரிப்பார்.

இன்னொன்று. டீ வாங்கிக் கொடுத்தவளுக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் அக்கா தூங்கினாளா என்று யாராவது கேட்டீர்களா?

ஜூன் 22

நாள்பட்ட மன அழுத்தம் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துமா என்று அமெரிக்காவின் ஓஹையோவில் 1995-ல் ஒரு ஆய்வு. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதில் அப்படிப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோர் முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம் உண்டாக்கி, ஆறும்வரை பார்த்தார்கள். பார்த்துக்கொள்பவர்களுக்கு ஆற 9 நாள் கூடுதலாக ஆனது. இதைப் படித்த அன்று நான் அழுதேன். நான்காம் வருடம் அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டது ஆறவே ஆறாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. சர்க்கரை பார்த்தோம், இல்லை. அப்போதே தெரிந்திருந்தால்!

ஜூன் 23

நேற்று எழுதியதை இன்று படித்தபோது சங்கடமாக இருக்கிறது. அந்த விரல் ஆறாததற்கு, தினமும் அம்மாவின் துணி நாலு வாட்டி அலசியதே போதுமான காரணம். ஈரத்தில் எந்தக் காயம் ஆறும்? 26 பேரை வைத்துச் செய்த ஆய்வை என் விரலுக்கு நான் ஒட்டியிருக்கக் கூடாது. ஆய்வு உண்மை, என் விரல் பற்றிய முடிவு அவசரம்.

ஜூன் 24

வாழ்க்கையில் எந்த நிகழ்ச்சி எவ்வளவு மன அழுத்தம் தரும் என்று, நிகழ்ச்சிக்கு இத்தனை மதிப்பெண் போட்ட ஒரு பட்டியலைப் பகிர்ந்திருக்கிறார்கள். ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் 1967-ல் போட்டது. துணையின் மரணம் 100, திருமணம் 50, வீட்டில் ஒருவருக்கு உடல்நலக் கேடு 44. நானும் ஒரு காலத்தில் கூட்டிப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கும் அதே 44. அம்மா ஒரு பகலில் நாற்பது தடவை 'மணி என்ன' என்று கேட்பார், சாவியை அரிசி டின்னில் போடுவார், பாதிக் குளியலில் சிலிண்டர்காரர் வந்து நிற்பார். பட்டியலில் இதற்கு இடமில்லை. 1981-ல் லாசரஸ் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த அன்றாடத் தொல்லைகளைத் தனியாக எண்ணிப் பார்த்தார்கள். பெரிய நிகழ்ச்சிகளைவிட இவைதான் மனநலக் குறைவின் அறிகுறிகளோடு நெருக்கமாகப் போயின. எனக்கு அது ஆச்சரியமே தரவில்லை.

ஜூன் 27

'எதுவும் நம் கையில் இல்லை என்று பழகிவிட்டால் மனிதன் முயற்சியே செய்ய மாட்டான்' என்று ஒருவர் செலிக்மன் என்ற உளவியலாளரின் நாய்ச் சோதனையைச் சொல்லியிருக்கிறார். 1967. தப்பிக்க வழியில்லாத அதிர்ச்சியை அனுபவித்த நாய்கள், பிறகு வழி இருந்தபோதும் படுத்தே கிடந்தன. இயலாமையைக் கற்றுக்கொண்டன என்றார்கள். எல்லா மேடைப் பேச்சிலும் இது வரும்.

ஆனால் அந்தச் சோதனையைச் செய்த மேயரும் செலிக்மனுமே 2016-ல், ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து, அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். மூளை ஆய்வுகளை வைத்து அவர்கள் சொல்வது: நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது கற்றுக்கொள்வது அல்ல, அதுதான் உடலின் இயல்பான பதில். கற்றுக்கொள்ளப்படுவது 'இது என் கையில் இருக்கிறது' என்பதுதான். இதை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. ஆறாவது வருடம் நான் முடங்கிக்கிடந்தபோது 'இவ இப்படியே பழகிட்டா' என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். நான் எதற்கும் பழகவில்லை. என் கையில் எதுவுமே மிச்சமில்லை.

ஜூன் 30

மூச்சுப் பயிற்சி பற்றி: மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இறங்கும், அதனால் நிதானமாக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு போல விடுவது அந்த நேரத்துக்கு உதவும். எனக்கு உதவியது. அதற்குமேல் இதில் எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 2

'என் கையில்' என்று போன வாரம் எழுதியதைத் தொடர வேண்டும்.

1972-ல் கிளாஸ், சிங்கர் என்ற இருவர் நகரச் சத்தம் பற்றிய சோதனைகளைப் புத்தகமாக வெளியிட்டார்கள். அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் காதில் திடீர் திடீரென்று பெரிய இரைச்சல் விழும். ஸ்பானிஷ் பேச்சு, ஆர்மேனியப் பேச்சு, தட்டச்சு இயந்திரம் எல்லாம் கலந்தது. சிலருக்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, 'தாங்க முடியாவிட்டால் இதை அழுத்துங்கள், நின்றுவிடும், அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது' என்றார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. அதாவது இரு சாராரும் கேட்டது அதே இரைச்சல். ஆனால் சோதனை முடிந்தபின், பொத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் கடினமான புதிர்களை அதிக நேரம் விடாமல் முயன்றார்கள். பிழை திருத்தும் வேலையிலும் அவர்கள் விட்ட தவறு குறைவு.

எதிர் வீட்டு அக்கா, அம்மா காணாமல் போன அன்றே என்னிடம் சொன்னார்: "ராத்திரி எத்தனை மணியானாலும் காலிங் பெல்லை அடி. என்ன ஏதுன்னு கேக்க மாட்டேன், வந்துடுவேன்." ஆறு வருடத்தில் ஒரே ஒரு முறை அடித்தேன், அம்மா இறந்த இரவு. மற்ற இரவுகளில் அடிக்கவில்லை. அம்மா கூச்சலிடும்போது ஜன்னல் வழியாக அந்த வெள்ளைப் பொத்தானைப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

அவர் இல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

ஜூலை 6

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், நடக்கிறார். அண்ணன் மட்டும் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஜூன் 20 குறிப்பைப் படித்துவிட்டு அக்காவிடம் கேட்டாராம். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் அக்காவுக்குக் கை நடுக்கம் வந்து, தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியாமல் அடுக்களையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அண்ணனிடம் சமாதானம் பேச முயலாதீர்கள் தம்பி. அடுத்த செக்கப் தேதி, எந்த டாக்டர், எத்தனை மணி, அன்றைக்கு என்ன டெஸ்ட், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். மாத்திரை கணக்கும் அவரிடமே இருக்கட்டும். சண்டை போட்டவருக்கு ஒரு வேலை வேண்டும். இரவில் ஏதாவது என்றால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் பின் நம்பரை அக்காவுக்கும் சொல்லி வையுங்கள். அடுத்த முறையும் நீங்கள் உறையலாம். உறைந்தால் என்ன, அக்கா இருக்கிறாள்.

ஜூலை 9

எதிர் வீட்டு அக்கா எப்படி இருக்கிறார் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 74 வயது. மகன் வெளியூரில், இப்போது தனியாகத்தான் இருக்கிறார். போன மாதம் குளியலறையில் வழுக்கி, நல்லவேளை அடி இல்லை. நேற்று மாலை போய், என் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். போனிலும் 2-ஐ அழுத்திப் பிடித்தால் எனக்கு வருகிற மாதிரி செய்து கொடுத்தேன். இரண்டு முறை அழுத்திப் பழகிப் பார்த்தார், என் போன் அவர் முன்னாலேயே அடித்தது.

ராத்திரி கூப்பிடவில்லை. காலையில் கேட்டேன், நன்றாகத் தூங்கினேன் என்றார்.